வேறு கை சுட்ட பறவை

கிள்ளான்
6 ஜூலை 2025

அன்புள்ள யாழினி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள். அதனால் எழுதி, பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் என் தம்பி யுகேந்திரன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஞாயிறும் நீங்கள் வரவில்லை. யாழினி பிறந்தநாளுக்கு அனுப்பிய இருவாய்ச்சிப் படம் மட்டும் வந்தது. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்து நீங்கள் பலகையில் படம் சுடுவதை எத்தனையோ வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நீங்கள் புள்ளி புள்ளியாகத்தான் சுடுவீர்கள். இந்தப் பறவையின் இறகெல்லாம் இழுத்த கோடு. அலகு கருகிக் கிடக்கிறது. யார் சுட்டது?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தாமரை

பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூலை 2025

அன்புள்ள தாமரைக்கு,

உனக்கு எதிலும் சந்தேகம். அது புதுப் பலகை, கோடு அப்படித்தான் விழுந்தது. ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்தால் அசதியாக இருக்கிறது. வரும் ஞாயிறும் வர முடியாது போலிருக்கிறது. யாழினிக்கு என் முத்தம்.

ஜீவன்

கிள்ளான்
13 ஜூலை 2025

யாழினி அப்பாவுக்கு,

நேற்று யுகேந்திரன் உங்கள் ஃப்ளாட் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்திருக்கிறான். "அக்கா, அத்தான் சும்மா உட்கார்ந்திருந்தாரு. ஒரு பொம்பள அவரு கண்ணாடிய பிடிச்சுச் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. 'கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல'ன்னு இவரு சொல்றாரு. என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் கப்சிப்லா" என்றான்.

கைரேகை விழும் என்று அந்தக் கண்ணாடியை என்னைத் தொடவிட்டதில்லை நீங்கள். அவள் யார்? பொய் எழுதுவதானால் பதிலே வேண்டாம்.

தாமரை

பிரிக்பீல்ட்ஸ்
16 ஜூலை 2025

அன்புள்ள தாமரைக்கு,

அவர் பெயர் லோகேஸ்வரி. பக்கத்து அறை அக்கா. என்னைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவரும் அவர்தான்.

கொஞ்ச நாளாக என் வலது கண்ணின் நடுவே ஒரு கறுப்பு வட்டம். எதை நேராகப் பார்க்கிறேனோ அதுவே மறைகிறது. இடது கண்ணும் மங்கல்தான். கறுப்புக் கண்ணாடி போடாமல் பலகையில் விழும் வெளிச்சப் பொட்டையே உற்றுப் பார்த்ததால் விழித்திரை வெந்துவிட்டதாம். இனிப் படம் சுடக்கூடாது, வண்டியும் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். பிறந்தநாளுக்குப் படம் வராவிட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். நான் இடம் சொல்ல, அக்கா சுட்டார்.

வேனை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். வழியெல்லாம் மனப்பாடம். முதலாளி திருச்செல்வத்திடம் மட்டும் சொல்லிவிடாதே. இந்த வேலையும் போனால் வீட்டில் நான் என்னவென்று உட்கார்ந்திருப்பேன்?

ஜீவன்

கிள்ளான்
19 ஜூலை 2025

அன்புள்ள யாழினி அப்பாவுக்கு,

இதையும் நான் நம்பவில்லை. நேற்று, நீங்கள் வேனில் இருக்கும் நேரம் பார்த்து, லோகேஸ்வரி அக்கா அறைக் கதவைத் தட்டினேன். "நீங்க வரணும்னுதான் நினைச்சிட்டு இருந்தேன்மா" என்றார். "போன வாரம் வேனைப் பின்னால எடுக்கிறப்ப தூண்ல இடிச்சிட்டாரு. உள்ள பிள்ளைங்க இருந்தாங்க. ஓட்டாதீங்கன்னு சொன்னா கேட்க மாட்டேங்கிறாரு."

இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை.

அங்கிருந்து நேராகத் திருச்செல்வம் அண்ணனிடம் போய் எல்லாம் சொல்லிவிட்டேன். திங்கள் முதல் வேறொருவர் ஓட்டுவார். அந்த வேனில் ஏறுகிறவர்கள் யாழினி வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் உங்களை நம்பி அனுப்புகிறார்கள்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இந்தக் கடிதத்தை யுகேந்திரன் இன்றே கொண்டுவந்து தருவான். உங்களை வீட்டுக்கு அழைத்துவர நாளைக் காலை ரயிலில் வருகிறேன். கதவைத் திறப்பீர்களோ மாட்டீர்களோ, தெரியவில்லை. திறக்கும்வரை லோகேஸ்வரி அக்கா அறையில் உட்கார்ந்திருப்பேன்.

தாமரை