புளி போட்டுத் தேய்த்த தெருக்குழாய்

அனுப்புநர்:
சீ. ஜக்கையன்,
வாடகை சைக்கிள் கடை,
மேட்டு வளவுத் தெரு,
போடிநாயக்கனூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
போடிநாயக்கனூர்.

பொருள்: எங்கள் தெருப் பொதுக்குழாயை அகற்றக் கூடாது எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருக் கடைசியில் சிலோனிலிருந்து திரும்பி வந்த ஆறு குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஆண்கள் போடிமெட்டு ஜீப்பில் எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறார்கள். எங்களுக்கெல்லாம் உப்புக் கிணறாவது உண்டு. அவர்களுக்குப் பொதுக்குழாய் ஒன்றுதான்.

2. அவர்கள் குழாயை உடைத்துவிட்டதாகவும், ஆகவே அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்றும் தெருவார் தங்களுக்கு மனு கொடுத்திருப்பதாக அறிகிறேன். அது முழுப் பொய். குழாய் என் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. அப்பெண்கள் குடம் பிடித்துப் போனதும், தீட்டுக் கழிக்க எங்கள் வீட்டுப் பெண்கள் புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குழாயைத் தேய்த்துக் கழுவிய பிறகே தங்கள் குடத்தை வைக்கிறார்கள். பொடி உள்ளே போய்த் திருகு மரை தேய்ந்துவிட்டது. இப்போது மூட முடியாமல் ஒழுகுகிறது. உடைத்தவர்கள் நாங்கள்.

3. என் மனைவி வீரலட்சுமியும் தேய்க்கிறாள். கண்டித்ததற்கு, "தெருவே தேய்க்கிது. நான் மட்டும் தேய்க்காமப் பிடிச்சா நம்ம வீட்டுத் தண்ணிய எவ தொடுவா?" என்றாள். அதே பெண்கள் கையால் பொறுக்கிய ஏலக்காயைப் பாயசத்தில் போடும்போது யாரும் புளி தேடுவதில்லை.

4. இந்த அவமானம் பொறுக்காமல் அவர்களில் வேலுத்தாய் என்பவர், சாக்கடை கலக்கும் வாய்க்காலில் தண்ணீர் எடுத்தார். அவருடைய கைக்குழந்தை வயிற்றுப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. "குழாய எடுத்துட்டா எம்புள்ளைக்கு மறுபடியும் அந்தத் தண்ணிதாண்ணே" என்றார். இம்மனுவில் கைநாட்டு வைக்கக் கேட்டேன், பயந்து மறுத்துவிட்டார்.

ஆகவே, குழாயை அகற்றாமல் பழுது பார்த்துத் தரவும், இனித் தேய்ப்பவர் யாராயினும், என் மனைவி உட்பட, அபராதம் விதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் ஒருநாள் காலையில் நேரில் வந்து, வேலுத்தாய் குடம் பிடித்ததும் அதே குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்தருள வேண்டும். அதற்குப் பின்னும் தெருவார் குழாயைத் தேய்க்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. தாங்கள் என்ன சாதி என்று அவர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்கத்துடனும் உண்மையுடனும்,
சீ. ஜக்கையன்

இடம்: போடிநாயக்கனூர்
நாள்: 14.3.1979