மீட்டர் பெட்டியில் குடியிருந்தவர்கள்

காலையில் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். பூச்சிமருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. அடியில் உங்கள் கொசுத்தேனீக்கள் கருப்பாகக் குவிந்து கிடந்தன. செத்துப்போன புருஷனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு எனக்குக் கோபம்.

செய்தது பக்கத்து வீட்டுக்காரன். வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளில் மருந்தடிக்கும் கான்ட்ராக்ட் எடுக்கிறானே, அவன்தான். அங்கே தேனீ உள்ளே வந்தால் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்று கண்டதும் அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தை நம் சுவர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். நேற்று நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம்.

அவை குடிவந்த நாள் நினைவிருக்கிறதா? பெட்டி ஓட்டையில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தைத் தூக்கினேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த நீங்கள் டிபன் டப்பாவைக்கூட வைக்காமல் குறுக்கே நின்றீர்கள். "அதுங்களுக்குக் கொட்டத் தெரியாதுடி. வுடு, இருந்துட்டுப் போவட்டும்."

அன்றோடு இந்தத் துண்டுத் தோட்டம் என் கையை விட்டுப் போனது. துளசியைக் கிள்ளக் கூடாது, பூக்கட்டும். கொத்தமல்லியை முற்றவிட வேண்டும். முருங்கைப்பூப் பொரியல் என்றால் உயிர் உங்களுக்கு, அதிலும் பங்கு பிரித்தீர்கள். "கீழ்க்கிளை நமக்கு, மேல்கிளை அதுங்களுக்கு." கம்பெனியின் பழைய மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவைத்துத் தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டீர்கள். தண்ணீருக்குத் தவிட்டுக்குருவி வந்தது, ஓணான் வந்தது, பின்னாலேயே சாரைப்பாம்பும் வந்தது. பாம்புக்கும் வக்காலத்து வாங்கினீர்கள். வெளியே வாய் திறக்காத மனுஷன். சூப்பர்வைசர் திட்டினாலும் தலைகுனிவு, நம் நிலம் கம்பெனிக்காகக் கைவிட்டுப் போனபோதும் தலைகுனிவு. வாயெல்லாம் என்னிடம்தான்.

ஒருநாள் கேட்டேன், "கொட்டத் தெரியாம எப்டிய்யா பொழைக்கும்?"

"நாம கீறோம்ல" என்றீர்கள்.

நாம்! மாரடைப்பு வந்தது, நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். எங்கே அந்த நாம்?

அவன் வீட்டு கேட்டில் போய் நின்று கத்தினேன். சிரித்தான். "இன்னாக்கா, ஈக்குப் போயி ஊரையே கூட்டிக்கினு கீற?"

"எங்க வூட்டுக்காரர் குடிவெச்சதுடா அது. இன்னொரு வாட்டி செவுத்தாண்ட வந்தே, அந்த மருந்த உன் வாயிலயே ஊத்துவேன்."

தெருவே எட்டிப் பார்த்தது. கதவைச் சாத்திக்கொண்டான்.

திரும்பி வந்தால், பிழைத்தவை கொஞ்சம் ஓட்டை முன்னால் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே போக முடியவில்லை, விட்டுப் போகவும் மனசில்லை. ராணி இருக்கிறதா, செத்ததா தெரியவில்லை. பெட்டியைத் துடைத்துத் திறந்தே வைத்திருக்கிறேன். ஹெல்மெட்டில் தண்ணீர் ஊற்றினேன். மேல்கிளைப் பூ அப்படியே இருக்கிறது.

சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையெட்டும் தூரத்தில் அதே துடைப்பம். ஒருத்திதான் இருக்கிறேன், ஆனாலும் இருக்கிறேன். வரட்டும் அவன்.