பதினோரு நிமிடம்

9.1.84, திங்கள்
கல்லூரிக்கு விடுப்பு. திண்டிவனத்திலிருந்து முதல் பஸ். விழுப்புரத்தில், வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் சோதனைத் திடலில் கடிகாரமும் நோட்டுமாக நின்றேன். வரிசைக் கோட்பாட்டை வைத்துக் காத்திருப்பைக் கணக்கிடுவதுதான் என் ஆய்வு. லாரிக்காரர்கள் என்னைப் போலீஸ் என்று நினைத்தார்கள். வேன் ஓட்டும் பச்சைமுத்து மட்டும் கேட்டார்: "இன்னாம்மா எழுதறீங்க? சனிக்கெழமையே வந்தேன், இன்னும் என் முறை வரல."

24.1.84
நாளுக்கு 26 வண்டி வருகிறது. ஒரு வண்டிக்கு 16 நிமிடம். ஆறு மணி நேரத்தில் 22 தான் முடியும். மீதி நான்கு நாளைய வரிசையில். நாளுக்கு நாள் ஏறத்தானே செய்யும்?
மோட்டார் வாகன ஆய்வாளர் சீனுவாசன் கேட்டார், "என்னதான் வழி?" பதினோரு நிமிடமானால் வரிசையே இருக்காது என்றேன்.

20.2.84
பதினொன்று! மூன்று மணிக்கே திடல் காலி. வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதில்லை; நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்துக் கையெழுத்து. முதலாளியின் இன்னொரு வேனுக்குக் கையெழுத்து வாங்கிய பச்சைமுத்து கும்பிட்டுவிட்டுப் போனார்.
என் சூத்திரம் பலித்துவிட்டது.

14.3.84, புதன்
மயிலம் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு வேன். கீழே பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைத் தவிர்க்கப் பாறையில் மோதியிருக்கிறார். ஓட்டியவர் அங்கேயே —
பச்சைமுத்து.

15.3.84
நான் ஏன் அன்றே கேட்கவில்லை?

22.3.84
அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி பாஞ்சாலி வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு நிமிடம் என் கணக்குதான் என்று சொல்லிவிட்டேன்.
"நேரத்த கொறைக்கச் சொன்னீங்க. பிரேக்க பாக்க வாணாம்னா சொன்னீங்க?"
"சொல்லலம்மா. ஆனா ஓட்டிப் பாக்காம உடறத நானே பாத்தேன். சும்மா இருந்தேன்."
பாஞ்சாலி இன்னொரு பிடி மல்லாட்டையை அள்ளினாள். பிறகு, "அத கேக்க வேண்டியவங்க கிட்ட போய் சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

2.4.84
விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன், பிப்ரவரி நோட்டையும் சேர்த்து. என் வழிகாட்டி இருதயராஜ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மாதத்தை மட்டும் நீக்கிடுங்க, ஜெயம். ஆய்வுக்கு ஒண்ணும் ஆகாது." முடியாது சார் என்றேன்.

30.4.84
சீனுவாசன் தற்காலிகப் பணிநீக்கம். கையெழுத்து அவருடையது. பதினொன்று என்ற எண் என்னுடையது.

11.6.84, திங்கள்
புதிய ஆய்வாளர். ஒவ்வொரு வண்டிக்கும் முன்கூட்டியே நாளும் மணியும் குறித்துத் தருகிறார்கள். நாளுக்கு இருபதுக்கு மேல் இல்லை. நாள் கிடைக்கவே மூன்று வாரம் ஆகிறதாம். ஒவ்வொன்றையும் சாலையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பதினேழு நிமிடம்.
பிரேக் சரியில்லை என்று ஒரு லாரியைத் திருப்பினார்கள். டிரைவர் என்னைப் பார்த்துக் கத்தினார், "எல்லாம் உங்களால வந்த பேஜாரு!"
நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: திருப்பி அனுப்பியவை. முன்பு இப்படி ஒரு கட்டமே என் அட்டவணையில் கிடையாது.
மாலைக்குள் மூன்று.