பீச் பழ நிறம்

ஆகஸ்ட் 12, திங்கள்

சுலேமாவும் நானும் சேர்ந்து எடுத்த ஆலோசனை அறைக்கு இன்று பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. இரண்டு பெயர்கள், கீழே ‘உளவியலாளர்கள்’. இனி வலைத்தளம்தான் பாக்கி. சுலேமா என்னைவிட மூத்தவர். மனம் பார்க்கும் தொழிலில் ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் வரவேண்டும் என்பது அவர் கட்சி.

“வலைத்தளமே வேணாங்கறேன். நீ அதுக்கு நிறம் கேக்கற.”

சரி, விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கதவுவரை போனவர் திரும்பி, “பச்சை மட்டும் வேணாம். பச்சைன்னா மருந்துக்கடை” என்றார். ஆக, அவருக்கும் கருத்து இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

வலைத்தளம் செய்து தரும் கஸ்தோன் மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்தார். மாத்தே தேநீர் போட்டேன். அவர் திறந்து காட்டிய முதல் மாதிரி அடர்சிவப்புப் பின்னணி, கருப்பு எழுத்து. தண்ணீர் குடிக்கப் பின்னறையிலிருந்து வந்த அண்ணன் ஓரெஸ்தே அப்படியே நின்றுவிட்டான்.

“இது யார் வீடுன்னு தெரிஞ்சுதான் இதைக் கொண்டாந்தீங்களா?”

கஸ்தோன் அசரவில்லை. “நிறம் கண்ணுக்கு நல்லாருக்கான்னு மட்டும் சொல்லுங்க சார்.”

“வாராவாரம் தோக்கறவங்க நிறம். இதைப் பார்த்து யாருக்கு மனசு தேறும்?”

“நீலமும் மஞ்சளும் போட்டா? அழுதுகிட்டு வர்றவன் இன்னும் கொஞ்சம் அழுதுட்டுப் போவான்.”

எங்கள் ஊர் ரொசாரியோவில் இந்த இரண்டு கால்பந்து அணிகளின் நிறத்தைத் தொட்டால் பாதி ஊர் வாசலோடு திரும்பிவிடும். அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாத்தே குவளை சுற்றி அவன் முறை வந்தபோது வாங்கிக் குடித்தான். ஒருமுறை சிரித்தான்கூட.

நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்தவன். போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் ஒரு பெண் நடைபாதையிலிருந்து சட்டென்று இறங்கி அவன் பேருந்துக்கு முன்னால் வந்துவிட்டாள். பிழைக்கவில்லை. அவன்மீது தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவன் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. என் வீட்டுப் பின்னறைக்கு வந்தவன், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரார் பேசுவதைக் கேட்பதுதான் என் தொழில். வீட்டிலோ மூடிய கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் அண்ணன்: “சாம்பல் பார்த்தியா? சாம்பலுக்கு டீம் கிடையாது.”

ஆகஸ்ட் 23, வெள்ளி

சாம்பலை சுலேமா ஒரே பார்வையில் ஒதுக்கினார். “மரண அறிவிப்பு மாதிரி இருக்கு.” ஊதாவுக்கு, “நான் ஜோசியம் பாக்கலை.” தனி நீலம் வங்கியாகிவிட்டது. ஒவ்வொன்றையும் அண்ணனிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவனும் சளைக்காமல் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். காபி நிறம் அவன் யோசனைதான் – “எல்லாரும் குடிக்கறதுதானே.”

அதை வைத்துக்கொண்டு மாலை கஸ்தோன் அனுப்பியது: தந்தவெள்ளைப் பின்னணி, காபி நிற எழுத்து, நேரம் கேட்டு எழுதுவதற்கான பொத்தான் மட்டும் பழுத்த பீச் பழ நிறம். சுலேமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“விளக்கு எரியற ஜன்னல் மாதிரி இருக்கு. இதுவே இருக்கட்டும்.”

எனக்கும் பிடித்துவிட்டது. நாளைக்கு அண்ணனிடம் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 24, சனி

காட்டினேன். எட்டிப் பார்த்தான். கையிலிருந்த குவளையை மேசைமேல் வைத்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மதியம் சாப்பிடவில்லை. கூப்பிட்டதற்கு, “பசியில்ல, விடு.” என்ன ஆச்சு? நான் என்ன பண்ணிட்டேன்? பத்து நாளா பேசிட்டிருந்தானே – தெரியாம எதையாவது சொல்லித் தொலைச்சிட்டேனா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பாஸ்தாவுக்குத் தக்காளிச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அந்தப் பொண்ணு போட்டிருந்த கோட்டு அந்த நிறம், மிர்த்தா.”

கரண்டியை வைத்துவிட்டேன்.

“முகம் ஞாபகமே இல்ல. நான் முகத்தைப் பாக்கவே இல்ல. கோட்டைத்தான் பார்த்தேன். பிரேக்கை மிதிச்சேன்னு எல்லாரும் சாட்சி சொன்னாங்க. மிதிச்சிருப்பேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த நிறம் கிட்ட வந்தது மட்டும்தான்.”

தொழிலில் கேட்கிற கேள்விகள் அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் உட்கார்ந்து அழுதான், நானும்தான். சாறு அடிப்பிடித்து வீடெல்லாம் வாடை.

“நாளைக்கே மாத்தச் சொல்லிடறேன்” என்றேன்.

“எதை?”

“பொத்தானை.”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“மாத்தாத. அந்தக் கோட்டை ஆசைப்பட்டு வாங்கியிருப்பா. நல்ல நிறந்தான்.”

அப்புறம், ஜன்னல் பக்கம் பார்த்தபடி: “இதையெல்லாம் இனிமே உங்கிட்டதான் சொல்லணுமா?”

“எங்கிட்ட வேணாம்ணா. நான் உன் தங்கச்சி. இதுக்குன்னு வேற ஆள் இருக்காங்க. நீ கேக்கறப்போ பேர் சொல்றேன்.”

தீயாத சாற்றை மேலாக எடுத்துப் பாஸ்தாவில் ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

“பொத்தான் முடிவாயிடுச்சா டாக்டர்?” என்று கஸ்தோன் கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

மாற்றாதே என்று அவன் சொன்னது மனதாரத்தானா? இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறதே என்றா? மாற்றினால், நீ சொன்னதைத் தாங்க முடியவில்லை என்று நான் சொல்வதுபோல ஆகாதா? மாற்றாவிட்டால் தினமும் என் கணினியில் அது அவன் கண்ணில் படும். யாருக்காவது இந்தச் சிக்கல் வந்து என்னிடம் கேட்டிருந்தால், “அவரிடமே கேளுங்கள்” என்று சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 28, புதன்

அவனிடமே கேட்டேன். “எத்தனை தடவை சொல்றது? அது வீட்டுக்குள்ள இருக்கட்டும், பழகிக்கறேன்” என்றான். கொஞ்சம் எரிச்சல். எனக்கு அந்த எரிச்சல் பிடித்தது.

கஸ்தோனுக்குச் சரி சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பெயர் கேட்டான். அமீல்கர் ரிஸ்ஸோ என்றேன் – நகரின் தெற்குக் கோடியில் இருக்கும் உளவியலாளர், அவசரப்படுத்தாத மனிதர்.

“உன் சிநேகிதரா?”

“தெரியும், அவ்வளவுதான். உன்னைப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டார். நானும் கேக்க மாட்டேன்.”

அவனே போன் செய்தான். காதில் விழக்கூடாதென்று நான் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

வலைத்தளம் வந்துவிட்டது. சாயங்காலம் சுலேமாவின் போன்: “யார் சொல்லியும் வரலையாம், பொத்தானை அழுத்தி ஒருத்தர் நேரம் கேட்டிருக்கார். என்ன பண்றது இப்ப?” பதில் எழுதணும் என்றேன். “அதையும் நானா பண்ணணும்?” என்று வைத்துவிட்டார். குரலில் சந்தோஷம் இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று ரிஸ்ஸோவிடம் முதல் நாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன்.

“வேணாம். பஸ்ல போறேன்.”

அவன் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு போனான். இன்று என்னிடம் வந்தவர்கள் சொன்னதை ஒழுங்காகக் கேட்டேனா என்றே சந்தேகம்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினான். ரிஸ்ஸோவைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை.

“பஸ்ல கூட்டமா?” என்றேன்.

“இல்ல. டிரைவர் ஒரு பொம்பளை. என் ரூட்ல ஒருத்தர்கூட இருந்ததில்ல. நல்லா ஓட்டறா, திருப்பத்துல ஆளை உலுக்கறதில்ல.”

“எங்க உக்காந்தே?”

“முன்னாடிதான்” என்றான். “ரோடு தெரியணுமில்ல.”