பொன்முடி பஸ்ஸில் ஓட்டிப் பார்த்த விமானம்

பால்கனிக் கொடியில் காய்ந்த தொட்டில் சேலையை மடிக்க எடுத்தேன். இரண்டு முறை துவைத்தும் ஒரு முனையில் எலுமிச்சை வாசம் போகவில்லை. உடனே உன் ஞாபகம். வேறு யார் ஞாபகம் வரும்? "மக்கா, எலுமிச்சம்பழம் எடுத்தியாலே?" என்று திருவனந்தபுரத்து இந்தக் கழக்கூட்டம் ஃப்ளாட்டின் படிக்கட்டில் நின்று கத்தியவன் நீதானே.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டேன். நான்கு வயது ஆதியையும் அப்போது ஒரு வயது நிரம்பாத குட்டியையும் தனியாளாக ஜெர்மனிக்குக் கொண்டுபோய் அவர்கள் அம்மா செல்வியிடம் சேர்த்தேன். அவள் வேலை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, நால்வருமாகப் போன வாரம் திரும்பினோம். இதை உன்னிடம் பீற்றிக்கொள்ளாமல் யாரிடம் பீற்றிக்கொள்வது?

குட்டியை நீ பார்த்ததில்லை. பைபாஸில் அந்த லாரி உன் பைக்கை இடித்தபோது அவள் பிறந்திருக்கவில்லை. அதைப் பற்றி மேலே எழுத மாட்டேன். எழுதினால் கோபம்தான் வரும்.

ஆஃபீஸில் நான் எழுதும் கணினி நிரலை நீ சோதிப்பாய். சோதிப்பாய் என்பது மரியாதையான சொல், உடைப்பாய். உன்னைக் குடும்பத்தோடு ஹாலந்துக்கு அனுப்புவதாகக் கம்பெனி சொன்ன வாரமே, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு பொன்முடி மலைக்குப் பஸ் ஏறினாய். "விமானத்துக்கு டெஸ்டிங்" என்றாய். வேடிக்கை பார்க்க நானும் வந்தேன். நெடுமங்காடு தாண்டியதும் இடம் காலியானது. நீ உட்காரவில்லை. தொட்டில் சேலையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மகளை அதற்குள் போட்டு, கம்பியைப் பிடித்து நின்றாய்.

"சேட்டா, இரிக்கூ. சீட் உண்டல்லோ" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்லை சாரே, பிள்ளைக்கு ஆட்டம் வேணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஆடிக்கொண்டிருந்தாய்.

கல்லாறு தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் உன் முழங்கால் மடிந்து நிமிர்ந்தது. உன் மனைவி எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தேன். உன் மகள் மட்டும் தூங்கினாள். மேலே மூடுபனியில் இறங்கியதும் நீ சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "தப்பு வரணும்னா கல்லாத்துல வரட்டும் மக்கா. ஆகாசத்துல வரப்படாது, கேட்டியா."

பிரசவ விடுப்பு முடிந்து செல்வி திரும்பிய மாதத்திலேயே ஜெர்மனி வாய்ப்பு வந்தது. அதற்காக அவள் வருஷக்கணக்கில் உழைத்திருந்தாள். போ என்றேன். பிள்ளைகளை நான் கொண்டுவருகிறேன் என்றேன். எங்கள் விசாவுக்கு அத்தனை மாதம் இழுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீடியோவில் அம்மாவைக் காட்டினால் குட்டி ஃபோனைக் கடிக்கத்தான் பார்த்தாள். முகத்தைக் கவனிக்கவே இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் செல்வி காமிராவை அணைத்துவிடுவாள்.

பிள்ளைகளுக்குத் துணையாக வந்திருந்த என் மாமியார் ஒரே பிடியாக நின்றார். "வேண்டாம் மாப்பிள்ளை. ஆம்பிளை தனியா ரெண்டையும் எப்படிக் கொண்டுபோவீங்க? அங்க போயும் தாயை அடையாளம் தெரியாம இது அழுதுச்சுன்னா, எம்மவ தாங்குவாளா?"

முதல் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவது பாதிக்கு இல்லை. அதனால்தான் கோபப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு பொன்முடி பஸ் ஏறினேன். என் திட்டம் சுத்தமான திட்டம்: மடியில் வைத்துப் பால்புட்டி, பிறகு தூக்கம். குட்டி நெடுமங்காட்டில் முனகினாள். விதுராவில் அலறினாள். வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஆலோசனை சொன்னார்கள். "மோனே, காற்று வரட்டே." "ஜன்னலை அடைங்க தம்பி." "அம்மை எவிடெ?" கடைசிக் கேள்வி கேட்ட அம்மாவை முறைத்துவிட்டுக் கல்லாற்றில் இறங்கிவிட்டேன். வளைவுகள் தொடங்கும் முன்பே தோல்வி.

ஆற்றோரக் கடையில் ஆதி எலுமிச்சை சோடா குடித்தான். "அப்பா, பிளேன்லயும் பாதியில இறங்கிடலாமா?" என்றான்.

அப்போதுதான் நீ நின்ற நிலை கண்முன் வந்தது. பொறியியல் படித்து என்ன பிரயோஜனம்? வீட்டில் குட்டி தூங்குவது தொட்டிலில். அவளைத் தூங்க வைப்பது பாலுமில்லை, மடியுமில்லை. ஊசல். அந்த ஊசலை வீட்டுக் கொக்கியிலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்! அவளைக் கீழே விடாமல் அந்தக் கடை வாசலிலேயே உன்னைப் போல ஆடிப் பார்த்தேன். சோடாக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குட்டி வாயை மூடினாள்.

அடுத்த ஞாயிறு தொட்டிலை அவிழ்த்து, செல்வியின் அந்தப் பழைய நூல் சேலையை நெஞ்சில் கட்டினேன். சேலை முனையில் ஆதி ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டான். இந்த முறை நின்றேன். சீட் உண்டு என்ற கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தேன். வளைவு வரும்போதெல்லாம் ஆதி, "வளைவு வருது, சாய்ங்க!" என்று கத்தி, நாக்கால் டிங் டிங் என்று மணியடித்தான். குட்டி மேலே போய்ச் சேரும்வரை தூங்கினாள். மூடுபனிக்குள் நின்று நான் கூவிய கூவலில் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த காலேஜ் பையன்கள் பயந்து விலகினார்கள்.

விமானத்தில் முதல் பாதி உன் வழியில் போயிற்று. பின்பக்கக் கழிப்பறை ஓரம் நின்று ஆடினேன். வளைகுடாவில் மாறி ஏறிய விமானம்தான் சோதித்தது. வானம் குலுங்க, பெல்ட் விளக்கு எரிந்தது. "சார், யூ ஹேவ் டு சிட்." சேலையை அவிழ்த்து, பிள்ளைக்குத் தனி பெல்ட் மாட்டி மடியில் வைக்கவேண்டும் என்றாள் பணிப்பெண். அவள் சொன்னது நியாயம்தான். குட்டி விழித்தாள். மூச்சை இழுத்தாள். அலறலுக்கு முன்னால் வருமே, அந்த இழுப்பு. உட்கார்ந்தபடி சமாளிப்பதை நீ எனக்குக் காட்டித் தரவில்லை. பொன்முடி பஸ்ஸில் பெல்ட் கிடையாதே.

அந்த நொடியில் பக்கத்து சீட்டிலிருந்து ஆதி கத்தினான்: "டிங் டிங்! வளைவு வருது, எல்லாரும் சாய்ங்க!"

நான் சாய்ந்தேன். என் இடப்பக்கம் இருந்த கோட்டயத்துக்காரப் பெரியவர், ஓர் அச்சாயன், "அடுத்தது எவிடெயா கண்டக்டரே?" என்று கேட்டபடி சாய்ந்தார். "கல்லாறு!" என்றான் ஆதி. பின்வரிசையில் யாரோ, "கல்லாறு இறங்ஙானுண்டே!" என்று இறங்க வேண்டியவர் போலக் குரல் கொடுத்தார்கள். விமானம் ஒரு பக்கம் குலுங்கினால் நாங்கள் மறுபக்கம் சாய்ந்தோம். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் குட்டி எங்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மேகத்துக்கு மேலே பொன்முடி பஸ் ஓட்டினோம் மக்கா.

ஆனாலும் மாமியார் கேள்வியின் இரண்டாவது பாதி மிச்சம் இருந்தது. ஜெர்மனியில் இறங்கி வெளியே வந்ததும் செல்வி ஓடி வந்தாள். ஆதி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அவள் கை நீட்டியபோது குட்டி முகத்தைத் திருப்பி, மறுபடி கட்டியிருந்த சேலைக்குள் புதைந்துகொண்டாள். செல்வியின் கை அப்படியே நின்றது.

"என்னைத் தெரியலை இவளுக்கு" என்றாள்.

அவசரப்படாமல் இருந்தேன். நான்! குட்டியை இறக்காமல், சேலையோடு சேர்த்து அப்படியே செல்வியின் தோளுக்கு மாற்றி முடிச்சுப் போட்டேன். "நிக்காதே, ஆடு" என்றேன்.

"என்னது?"

"முழங்காலை மடக்கி ஆடு."

அந்தப் பெரிய விமான நிலையத்தில், போகிற வருகிறவர்கள் பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே செல்வி ஆடினாள். ஆதி மணியடித்தான். குட்டி சேலையை முகர்ந்தாள், அம்மாவின் கழுத்தை முகர்ந்தாள், இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்தவள் போலத் தலையைச் சாய்த்தாள். அழவில்லை. செல்விதான் விட்டு விட்டு அழுதாள், வெகுநேரம்.

ஆஃபீஸ் திரும்பிய முதல் நாள், தினமும் காலையில் நின்றுகொண்டே பேசும் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை இல்லாமலே நான் ஆடிக்கொண்டிருந்தேனாம். நிறுத்த முயன்றேன். முடியவில்லை. முயற்சியை விட்டுவிட்டேன். உன் முழங்கால் இப்போது என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் மாடியில் ஒருத்தன் இரட்டைக் குழந்தைகளோடு கனடா போகிறான். எந்தத் தள்ளுவண்டி வாங்கலாம் என்று கேட்டான். ஞாயிறு காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு வா என்றேன். இந்தச் சேலையை அவனுக்காகத்தான் மடிக்கிறேன். இரண்டாவது பிள்ளைக்கு இன்னொன்று அவன் மனைவியிடம் இருக்கும்.

"கார்லயே போகலாமே, உட்கார்ந்து போகலாம்" என்றான்.

உட்காரத்தான் கூடாது என்று அவனுக்குச் சொல்லவில்லை. முதல் தடவை கல்லாற்றில் இறங்கட்டும்.