செவ்வாய்க்கிழமையை அழித்துவிடு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
திங்கட்கிழமை

அன்பு மகன் விக்னேஷுக்கு அப்பா கைலாசம் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால், எனக்குக் காது, மற்றபடி குறையொன்றுமில்லை. நீ ஜெர்மனிக் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குப் பேனா எடுத்தார் என்று நினைப்பாய். எனக்குக் காது மந்தமானதிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது, நான் பேசுவதோ நாலு வீட்டுக்குக் கேட்கிறது. எழுதி அனுப்பலாம் என்றால் என் போனை இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாம் எடுத்துத் தடவிப் பார்க்கிறார்கள். இந்தக் கடிதம் ஒட்டின உறைக்குள் வருகிறது. நீ ஒருத்தன்தான் படிப்பாய். நேற்று நீ போனில் கேட்டதற்கு அதனால்தான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சபாபதி மாமாவோ அவர் அண்ணன் வெங்கடேசனோ வாசல் கேமராப் படத்தைக் கேட்டால் அனுப்பாதே என்று மட்டும் சொன்னேன், நீ ஏன் ஏன் என்று நாலு தரம் கேட்டாய். சபாபதியின் சம்சாரம் கூடத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

போன பொங்கலுக்கு நீ வந்து அந்தக் கேமராவை மாட்டியபோது நான் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். தெருவில் முதல் கேமரா நம் வீட்டில்தான். ஒரு மாதம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன். அப்புறம் ஆரம்பித்தது. செருப்பைக் காணோம், காமி. குப்பையை எங்கள் வாசலில் கொட்டினது யார், காமி. மருமகள் எத்தனை மணிக்கு வெளியே போனாள், காமி. நான் தறியில் உட்கார்ந்து நாலு இழை ஓட்டுவதற்குள் யாராவது வந்து நிற்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது விக்னேஷ். இது ஒன்றா, ரேஷன் கடையில் கட்டைவிரலை வை என்கிறான். நாற்பது வருஷம் பட்டும் ஜரிகையும் உரசி ரேகை தேய்ந்த விரல், மெஷினுக்கு நான் நானில்லை. அதே சமயம் அம்மா முழங்கால் வலி என்று வாய்விட்டுச் சொன்ன மறுநாள் என் போனில் முழங்கால் தைலம் விளம்பரமாக வருகிறது. விரலை வைத்தால் தெரியாதவனுக்கு வலி மட்டும் எப்படித் தெரிகிறதோ. டார்ச் லைட்டுக்கு ஒரு ஆப் போட்டேன், அது என் போனில் இருக்கும் எல்லாப் பேரையும் பார்க்கலாமா என்று கேட்கிறது. வெளிச்சம் அடிக்கிறதற்கு என் மச்சான் நம்பர் எதற்கு? எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தி அழுத்தி, எதற்குச் சரி சொன்னேன் என்றே தெரியாமல் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை சபாபதி தெருவில் பாவு விரித்திருந்தான். மூன்று புடவைக்கான பட்டு இழை, அவன் வாசலிலிருந்து நம் வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. ஏழு மணிக்கு மேல் பார்த்தால் கரையோரம் பத்துப் பதினைந்து இழை அறுந்து தொங்குகிறது. பாவு விரித்திருந்தால் நாய்கூடச் சுற்றிக்கொண்டு போகிற தெரு இது. எவனோ வேண்டுமென்றே செய்தான் என்று சபாபதி கொதித்துப் போய் நேரே என்னிடம் வந்தான். அஞ்சு மணியிலிருந்து ஓட்டிக் காட்டு என்றான். நானும் போனை எடுத்து, அவன் என் தோள் மேல் எட்டிப் பார்க்க, விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். ஐந்தேகாலுக்கு, நம் வீட்டை ஒட்டின விளக்குக் கம்பத்தின் கீழே, சபாபதியின் பெண் வாணி நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பையன். அம்மாவின் முழங்காலை ஸ்கேன் சென்டரில் படம் எடுத்தானே, முசரவாக்கத்து ஜான்சன், அவன். வாணி ஒரு கவரை அவன் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். அவன் கைக்குட்டையை நீட்டினான். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

என் விரல் தானாக வேகமாகத் தள்ளிவிட்டது. ஆறே முக்காலில் போய் நின்றது. அங்கே யார் என்று நினைக்கிறாய், உன் அப்பன்தான். கேமராக் கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று நீ சொன்னாயே, அதைத் துடைக்க முக்காலியை இழுத்துப் போடுகிறேன். முக்காலிக் கால் பாவின் கரையில் மாட்டுகிறது. நான் அண்ணாந்து கேமராவைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறேன், இழை அறுகிறது. நெசவுக்காரன் வீட்டில் பிறந்து, தெருவில் கிடக்கும் பாவைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அறுத்தது நான்தான் என்று சபாபதியிடம் ஒப்புக்கொண்டு போனை மூடிவிட்டேன். அன்று மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து இழை இழையாக முடிந்தும் கொடுத்தேன். ஆனால் அவன் போகும்போது, முன்னாடி வந்ததை மறுபடி காட்டு என்றான். நெட் போய்விட்டது என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான், அதற்கு அடுத்த நாளும் வந்தான். அது இன்னும் அதில் இருக்குதா என்று அதே கேள்வி. இப்போது வெங்கடேசன் வேறு. வாணியைப் பற்றி அவன் காதில் ஏதோ விழுந்திருக்கிறது. கைலாசம்தான் அறுத்தான் என்றால் ஏன் போனை மூடினான், விக்னேஷையே கேட்டு வாங்குகிறேன், அவன் நம் தெரு குரூப்பில்தானே இருக்கிறான் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். வெங்கடேசன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். அவன் மச்சினர் பெண்ணைக் கல்லூரியிலிருந்து நிறுத்தி வேலூரில் கொண்டுபோய் இரண்டு வருஷம் வீட்டுக்குள் வைத்தார்களே, முன்னால் நின்று செய்தவன் அவன்தான். அந்தப் பெண் காதலித்தவன் நம் சாதிக்காரன், அதற்கே அப்படி. ஜான்சன் கதி என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ நேற்று சொன்னாய், தப்பு செய்யாதவர்களுக்குக் கேமராவால் என்னப்பா பயம் என்று. படித்த பிள்ளை நீ, இப்படிப் பேசலாமா? வாணிக்கு இருபத்துநாலு வயசு, பி.காம். முடித்து வேலைக்குப் போகிறவள். அவள் செய்தது தப்பில்லை. தப்பு செய்யாதவளுக்குத்தான் இன்று பயம். தப்பு செய்யப் போகிறவன் படத்தைக் கேட்டுக்கொண்டு திரிகிறான். இன்னொன்று கேட்கிறேன். நீ அங்கே வீடு மாறின புதிதில் வாசலில் கேமரா மாட்டினாய், எதிர்வீட்டு அம்மாள் வந்து, தெருவில் போகிறவர்களைப் படம் பிடிக்க உனக்கு உரிமை இல்லை, சட்டமே அப்படித்தான் என்று சொல்லித் திருப்பி வைக்க வைத்தாள் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்த ஊர்த் தெருவில் போகிறவர்களுக்கு இருக்கிற மரியாதை பிள்ளையார்பாளையத்தில் போகிறவர்களுக்குக் கிடையாதா? அடுத்த தரம் வரும்போது முகத்தைப் பார்த்து இன்னார் வந்திருக்கிறார் என்று பேர் சொல்கிற புதுக் கேமரா வாங்கி வருகிறேன் என்கிறாய். வேண்டாம். வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளக் கதவைத் திறந்தால் போதும். எங்கள் மேல் இருக்கிற அக்கறையில்தான் செய்கிறாய், தெரியும். அதில் எனக்குக் குறை இல்லை.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா முறைக்கிறாள், இருந்தாலும் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா, அப்போது எல்லாருக்கும் கலாவதி, ஓரிக்கையிலிருந்து விடியலில் இந்தத் தெருவுக்கு, ஜரிகை சுற்றிக் கொடுக்க வருவாள். அவளுடைய அண்ணன் அவளை வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார். நாங்கள் இதே கம்பத்தின் கீழே நின்று பேசுவோம். தெருவில் பாவு விரித்துக்கொண்டு பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாரும் பார்த்தார்கள். ஒருநாள் உன் மாமா வந்து ஒவ்வொருத்தரிடமும் விசாரித்தார். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று பதினைந்து பேரும் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டே சொன்னார்கள். ஒருத்தன் சட்டையைப் பிடித்து மாமா உலுக்கினார், பட்டன் தெறித்தது, அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. அவன் யார் தெரியுமா, சபாபதி. அவன் அன்று வாயைத் திறந்திருந்தால் நீ இல்லை. அவனிடமே இன்று நெட் இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்று நீ கேட்டாயே, கேமராவை மறைத்துக்கொண்டு என்னமோ தொங்குகிறதே என்று. அது ஆகாசகருடன் கிழங்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அம்மா வாங்கி வந்து சரியாகக் கேமராவுக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டாள். திருஷ்டிக்கு என்று தெருவுக்குச் சொல்லியிருக்கிறாள். சாமி காரியம் என்பதால் வெங்கடேசனும் நகர்த்தச் சொல்ல முடியாது. கழற்றினால் சந்தேகப்படுவார்கள், இதைக் கேட்க ஆளில்லை. உன் அம்மா மூளை எனக்கு இல்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், கண் எரிகிறது.

புதன்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. சபாபதி வந்திருந்தான். நான் தறியில் இருந்தேன், அவன் எதிரே பலகையில் உட்கார்ந்து என் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே அம்மாவைத் தவிர யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, நெட் போகவில்லை, நான்தான் மூடினேன், உன் பெண்ணை நான் பார்த்தேன், யாருக்கும் காட்டமாட்டேன், உனக்கும் காட்டமாட்டேன் என்று சொன்னேன். அன்று என் பொருட்டுப் பட்டன் தெறித்ததையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நானும் அன்னிக்கே பாத்துட்டேன்பா. அது இன்னும் அதுல இருக்குதா, போயிட்சான்னு தெரிஞ்சிக்கத்தான் தெனம் வந்துக்கினு இருந்தேன். அன்னிக்கு உன்னையும் கலாவதியையும் பாத்தது என் கண்ணோட இருந்துட்சி, எவன் வந்து தோண்டினாலும் எடுக்க முடியல. இது அப்படி இல்லியே. எங்க அண்ணன் கைக்குப் போறதுக்குள்ள உன் புள்ளைய அழிச்சிடச் சொல்லு.”

நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரமாக ஒரே பெண்ணை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதுவிட்டாள். இதனால் கல்யாணத்துக்குச் சபாபதி சரி சொல்லிவிட்டான் என்று நினைக்காதே. அவனுக்குக் கோபம் நிறைய இருக்கிறது, பெண்ணோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்மதிப்பானோ மாட்டானோ, அது அவனும் அவன் பெண்ணும் பேசித் தீர்க்க வேண்டியது. தெரு முழுக்கக் கூடி உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. முப்பது நாளில் தானாகப் போய்விடும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. முப்பது நாள் அதிகம். என் போனில் பார்க்கத்தான் முடியும், அழிக்க உன்னால்தான் முடியும். கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தச் செவ்வாய்க்கிழமையை முழுசாக அழித்துவிடு. மணி பார்த்துத் தேடி ஒரு துண்டை மட்டும் எடுக்க வேண்டாம், நான் முக்காலி இழுத்ததும் சேர்ந்து போகட்டும். வெங்கடேசன் கேட்டால் படம் இல்லை என்று சொல், அப்போது அது பொய்யாக இருக்காது. முடித்ததும் போன் செய்து, அப்பா சாப்பிட்டாயா என்று கேள், புரிந்துகொள்கிறேன். இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு, அப்பா கையெழுத்து என்று ஆசையாகப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுவிடாதே.

காதுக்குத் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ. வெந்தயக்களி மாவு அம்மா அனுப்புகிறாள், வீணாக்காதே. காமாட்சி உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல துணையும், கலங்காத மனசும் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று நினைவு வைத்துக்கொள். அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் பார்க்கலாம் என்று கை போகும். எனக்கும் போனது. பார்க்காமல் அழி.

உன் அப்பா,
கைலாசம்