குத்திப் பார்த்த ஈரம்

மார்ச் 4, செவ்வாய்

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தாயிற்று. காலடியில் மண் இன்னமும் புழுதி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணால் காணோம். காணக் கூடாதாம், அதுதான் இதன் விசேஷமாம். சொட்டுநீர்க் குழாயை மேலே போட்டால் வெயில் பாதியைக் குடித்துவிடும், மீதியைக் களை குடிக்கும், அடியில் புதைத்தால் நேராக வேருக்குப் போகும் என்கிறார் மருமகன். மக்காச்சோளத்துக்கு முக்கால் முழ ஆழம், தக்காளிக்கு ஒரு சாண், வெங்காயத்துக்கு அரைச் சாண். தையற்காரர் மாதிரி ஒவ்வொரு பயிருக்கும் அளவெடுத்துப் புதைத்திருக்கிறார்.

மகளின் அப்பா போனபிறகு இந்த நிலத்தை ஒற்றை ஆளாக வைத்திருந்தவள் நான். மண்வெட்டியோடு வரப்பில் நின்றால் எந்தப் பாத்தி நிறைந்தது, எது நிறையவில்லை என்று தண்ணீரே சொல்லிவிடும். இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பு என்றால்? நகரத்தில் குடிநீர்க் குழாய் வேலை பார்த்தவர் என்பதற்காக விவசாயமும் தெரிந்துவிடுமா?

மார்ச் 6

உள்ளே தண்ணீர் போவது எப்படித் தெரியும் என்று மகளிடம் கேட்டேன். "செடி வாடலையேம்மா" என்றாள். வாடின பிறகு தெரிந்து என்ன செய்ய? அவளுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். கேட்டதே என் தப்பு.

மார்ச் 9, ஞாயிறு

கொட்டகையில் பழைய ஜன்னல் கம்பி ஒன்று கிடந்தது. பட்டறையில் கொடுத்து நுனியைக் கூராக்கி வாங்கிவந்தேன். எதற்கு என்று கேட்டார் பட்டறைக்காரர். நாய் விரட்ட என்றேன். நாயைக் குத்தவா விரட்டவா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

மார்ச் 10

அவர்கள் எழுந்திருக்கும் முன்பே மக்காச்சோளத்துக்குப் போய்விட்டேன். பாதையை ஒட்டிய வரிசையில் ஏழு காலடிக்கு ஓரிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, செடியை ஒட்டியே கம்பியை இறக்கிப் பார்த்தேன். முதலிரண்டு இடத்தில் நுனியில் ஏதோ பேருக்கு ஈரம். மூன்றாவதில் கம்பி எதிலோ தட்டி நின்றது. கல்லாக இருக்கும். காலை வைத்து அழுத்தியதும் இறங்கிவிட்டது. வெளியே எடுத்தால் கம்பி முழுக்கச் சேறு! அப்பாடா, இங்கேயாவது இருக்கிறதே.

இனிமேல் நன்றாக நனைந்து வரும்வரை குத்துவது என்று முடிவு செய்தேன். ஓட்டைகளைக் காலால் தேய்த்து மூடிவிட்டேன். பார்த்தால் மனுஷன் மனசு கஷ்டப்படும்.

மார்ச் 15, சனி

இவரிடம் ஏதோ இருக்கிறது. காலையில் மோட்டாரைப் போட்டதும் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், சின்ன நோட்டில் எதையோ எழுதுகிறார். நான் போனதும் மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். என்ன எழுதுறீங்க மாப்பிள்ளை என்றேன். சும்மா அத்தை என்றார்.

சும்மாவுக்கு யாராவது நோட்டுப் போடுவார்களா?

சாயங்காலம் வேலி ஓரத்தில் நாற்றுப் பண்ணைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் கப்சிப். அந்தப் பண்ணையில் இந்தக் கோடையிலும் பச்சை வழிகிறது. அங்கே கிணறு வற்றி இரண்டு மாதம் ஆகிறது என்று ஊருக்கே தெரியும். எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

மார்ச் 17

தக்காளியிலும் குத்த ஆரம்பித்துவிட்டேன். ஒரு சாண்தான், சுலபமாக இறங்குகிறது.

மார்ச் 20

நினைத்தேன். அப்படியே நடக்கிறது. மக்காச்சோளத்தில் கடைசி எட்டு வரிசையும் மத்தியானம் இலையைச் சுருட்டிக்கொள்கிறது. பாதை ஓரத்தில் கம்பி சொதசொதவென்று வருகிறது, கடைசியில் குத்தினால் மாவு. தக்காளியிலும் இதே கதை. முன்னால் நிற்பதற்குக் குளியல், பின்னால் நிற்பதற்கு நாக்கு வறட்சி. நடுவில் யாரோ தண்ணீரைத் திருப்புகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மருமகன் நாள் முழுக்க வால்வு வால்வாகக் கழற்றிப் பூட்டினார். அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறதாம், எங்கேயோ ஒழுகுகிறதாம், எங்கே என்று பிடிபடவில்லையாம். நன்றாக நடிக்கிறார்.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன், "தண்ணி எங்க போகுது மாப்பிள்ளை?"

"எனக்கும் அதுதான் தெரியல அத்தை."

"வேலிக்கு அந்தப் பக்கம் போகுதோன்னு பாத்தேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? என் நிலம், என் கிணறு, நான் கேக்கக் கூடாதா?

மார்ச் 24

மகள் சொன்னாள். குடிநீர் வேலைக்கு அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம், முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதி வைத்த கடிதத்தை நேற்று ராத்திரி கிழித்துவிட்டாராம். போகலாம் என்கிறாராம். இவளும் போவாள். வயிற்றில் நாலு மாதம்.

என் பேரப்பிள்ளை பிறந்து ஓடுகிற வீடு இது என்று நினைத்திருந்தேன். போகட்டும். திருடனை வைத்துக்கொண்டு நிலத்தை இழப்பதைவிட—

திருடன் என்று எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கவில்லை.

மார்ச் 26, புதன்

குழாய்க்காரர் வந்தார். எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் போவேன் என்று மருமகன் வரவழைத்திருந்தார். வாய்ப்பேச்சு வேண்டாம், தோண்டிப் பார்த்துவிடலாம் என்று சொன்னவளும் நான்தான். திருட்டு இணைப்பு எங்காவது இருக்கும், குட்டு உடையட்டும் என்று முன்னால் போய் நின்றேன்.

பாதை ஓர வரிசையில் மண்ணை வாரினார்கள். குழாய் தெரிந்தது. மோட்டாரைப் போட்டதும் பென்சில் தடிமனில் பீய்ச்சி அடித்தது. வட்டமான ஓட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குப் பிறகும் ஒன்று.

கல் இல்லை அது. நான் காலை வைத்து அழுத்தியது கல்லே இல்லை.

மருமகன் முதல் ஓட்டையிலிருந்து அடுத்ததுக்கு நடந்தார். வாய்க்குள் எண்ணினார். அங்கிருந்து அடுத்ததுக்கு நடந்தார், மறுபடி எண்ணினார். ஏழு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை, ஒரே ஒரு தடவைதான்.

எதால் ஆயிருக்கும் என்று குழாய்க்காரர் கேட்டார்.

"எலி" என்றார் மருமகன்.

குழாய்க்காரர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு வட்டமாவா கடிக்கும்? இந்த எலிக்கு ஒரே ஒரு பல்லுதான் போல" என்றார்.

மருமகன் சிரிக்கவில்லை. வெட்டி ஒட்டும் சாமானை எடுக்கக் குனிந்துகொண்டார்.

மார்ச் 27

மக்காச்சோளத்தில் இருபத்திரண்டு ஓட்டை, தக்காளியில் ஒன்பது. எல்லாவற்றையும் அவரே மண்டியிட்டு ஒட்டினார். கம்பி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

மார்ச் 29, சனி

நாற்றுப் பண்ணைக்காரர் வந்து வெங்காயப் பாத்தியில் தண்ணீர் தூவிக்கொண்டிருந்த குழாய்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மருமகன் விலைக்கு வாங்கிப் போட்டது என்றல்லவா நினைத்திருந்தேன். வெங்காய விதை மண்ணின் மேலாகத்தான் கிடக்குமாம், அரைச் சாண் அடியில் ஓடும் ஈரம் முளைப்புக்கு மேலே ஏறி வராதாம், முளைக்கும்வரை தூவித்தான் ஆக வேண்டுமாம். அதற்காகத்தான் மருமகன் அன்றைக்கு வேலி ஓரத்தில் நின்று இரவல் கேட்டிருக்கிறார். கிணறு வற்றியவர் கையில் அது சும்மாதான் கிடந்ததாம். அவர் நாற்றுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. இரவல் வாங்குவது எனக்குப் பிடிக்காது என்பதால் சொல்லவில்லையாம்.

அந்த நோட்டையும் மகள் காட்டினாள். முள் காட்டிய எண்கள் மட்டும்தான், தேதி போட்டு. மார்ச் பத்திலிருந்து இறங்குகிறது. பத்தாம் தேதி ஓரத்தில் சிறியதாக ஒரு கேள்விக்குறி.

இத்தனை நாள் இந்த மனுஷனை எடை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் பொய் சொல்லி நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் என் மானத்தைக் காப்பாற்ற. நான் அழுதேன். எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது பார்.

மார்ச் 31, திங்கள்

கடைசி வரிசை இலை விரிந்து நிற்கிறது. வெங்காயம் ஊசி ஊசியாக முளைத்திருக்கிறது.

காலையில் மகள் கடைக்குக் கிளம்பினாள். எலிப்பொறி ஆறு வாங்க வேண்டுமாம். அவளுக்கு இன்னும் தெரியாது. அவர் கடிதத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொறி வேண்டாம் என்று மகளை நிறுத்தினேன். உள்ளே போய்க் கம்பியை எடுத்துவந்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தேன்.

"எலி இனிமே வராது மாப்பிள்ளை" என்றேன்.

"தெரியும் அத்தை" என்றார்.

மகள் அவரையும் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கம்பியைக் கையில் எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தார். தக்காளிக்கு முட்டுக் கொடுக்க ஒன்று குறைகிறது என்றார். நானே போய் ஊன்றினேன். குழாய் போகாத இடம் எது என்று அவரைக் கேட்டுக்கொண்டுதான் ஊன்றினேன்.

திரும்பி வரும்போது கடிதத்தில் ஒரே வரி எழுதி மடித்திருந்தார். நான் படிக்கவில்லை. சாயங்காலம், இரவல் வாங்காமல் தூவும் குழாயைச் சொந்தமாகவே வாங்கலாமா அத்தை, அடுத்த தடவை வெங்காயத்துக்கு வேண்டுமே என்று கேட்டார்.